பழைய பாவை நான் வெட்டவில்லை

1

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் தறி வைத்திருக்கும் யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். எனக்குத் தறியைத் தயார்செய்யத் தெரியாது என்று ஜெர்மானிய அலுவலகம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறது. மூன்று பக்கம், முத்திரை, பதிவுத் தபால்.

நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் முடிந்த அதே வாரத்தில் அந்த உறை வந்தது. தபால்காரரிடம் வாங்கியவள் என் மகள் கயல். ஏழு வயது. ஜெர்மன் எழுத்தை என்னைவிட வேகமாகப் படிப்பாள். நான் கைகழுவி வருவதற்குள் தலைப்பைப் படித்துவிட்டாள்.

"அம்மா, 'பகுதியளவு சமம்'னு போட்டிருக்கு. நீ பாதி பாஸா?"

"ஆமாம்."

"எங்க ஸ்கூல்ல பாதி பாஸ் கிடையாதே."

"இங்கேயும் கிடையாது" என்று அவள் அப்பா முரளி அடுப்படியிலிருந்து சொன்னார்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் குறைகள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று: 'விழுதுகளில் இழை கோத்தலை விண்ணப்பதாரர் செய்துகாட்டவில்லை.' இரண்டு: 'எனவே தறியைத் தயார்செய்யும் திறன் அவருக்கு இல்லை.' விழுது என்பது தறியில் இழையைத் தூக்கி இறக்கும் கண்ணி. முதல் வரி உண்மை. இரண்டாவது பொய். அந்த ஒரு வரிக்காக நான் என்னென்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அ. நான் துணித் தொழில்நுட்பம் படித்தவள். செக் எல்லையை ஒட்டிய ஒரு சிறு நகரத்தில், சாயப் பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் வேலைக்கு வந்தேன். ஐந்தரை ஆண்டு அங்கே நிறங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்டறை மூடப்பட்டது.

ஆ. என் விசா வேலையோடு கட்டப்பட்டது. முரளியின் விசா என் விசாவோடு கட்டப்பட்டது. அவர் அரை நாள் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறார். அது எங்கள் மூவரையும் இங்கே வைத்திருக்கப் போதாது. புது வேலை தேட எனக்குக் கொடுத்த அவகாசத்தில் மூன்று மாதம் மீதமிருந்தது.

இ. இதே ஊரில் நகராட்சி நடத்தும் நெசவுக்கூடம் ஒன்று இருக்கிறது. இருபது கைத்தறிகள். வார நாட்களில் மாணவர்கள், சனிக்கிழமை பொதுமக்கள். அதன் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். நான் விண்ணப்பித்தேன், நேர்காணலில் தேர்வானேன். பட்டம் மட்டும் போதாது, கைத்தொழில் தகுதிச் சான்றும் வேண்டும் என்றார்கள். சான்று வரும்வரை இடத்தைப் பிடித்துவைப்பதாகச் சொன்னார்கள்.

ஈ. என்னிடம் அந்தச் சான்று இல்லை. எங்கள் ஊரில் தறி வேலைக்குச் சான்று கேட்பவர் யாருமில்லை. காகிதம் இல்லாதவர்களுக்காக இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு தேர்வாளர்கள் முன்னிலையில் இரண்டு நாள் வேலை செய்துகாட்ட வேண்டும். பயிற்சிக்கு நிகர் என்று அவர்கள் சொன்னால் போதும்.

ஆக, அந்த இரண்டு நாளில் இருந்தது என் வேலை மட்டுமல்ல. கயலின் பள்ளி, எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தம், முரளி இப்போதுதான் கற்றுக்கொண்ட ரொட்டி மாவுப் பதம், எல்லாம் அதில்தான் இருந்தன.

3

தேர்வில் ஐந்து வேலைகள். தறியைத் தயார்செய்தல். அறுபது சென்டிமீட்டர் சாய்வரி நெசவு. ஒரு பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தல். கொடுத்த மாதிரிக்கு ஒரு நூல் சிட்டத்தைச் சாயம் போடுதல். கடைசியில் பேச்சுத் தேர்வு.

தேர்வாளர்கள் இருவர். ஹெர் கோலர், அறுபதை நெருங்குபவர், கைத்தொழில் சங்கத்துக்காரர். ஃபிராவ் பெட்சோல்ட், அவரைவிட இளைய பெண்மணி, அதிகம் பேசாதவர், எல்லாவற்றையும் பென்சிலால் குறிப்பவர்.

முதல் நாள் காலை எட்டரை மணிக்கு அந்த நெசவுக்கூடத்திலேயே ஒரு தறியைக் காட்டினார்கள். புதுப் பாவு, அதாவது துணியின் நெடுக்கு இழைகள், உருளையில் சுற்றித் தயாராக இருந்தது. நானூற்று எண்பது இழை, பருத்தி. தறியில் முந்தைய தேர்வரின் பாவின் கடைசி முழம் அப்படியே தொங்கியது. அவருக்கும் இதே தேர்வு, இதே இழை எண்ணிக்கை, இழை கோக்கும் வரிசையும் இதே. தாளில் 'தறியைத் தயார்செய்க, நாள் முடிவதற்குள்' என்று மட்டும் எழுதியிருந்தது. இருவரும் காபி குடிக்கப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவற்றை நான் செய்தேன்.

இங்கே பயிற்சி பெற்ற எவரும் என்ன செய்திருப்பார் என்றால், அந்தப் பழைய முழத்தைக் கத்தரித்து எறிந்திருப்பார். தறியைக் காலியாக்கி, புது இழை ஒவ்வொன்றையும் கொக்கியால் விழுதின் கண்ணில் நுழைத்து, பிறகு சீப்புப் போன்ற அச்சின் பற்களுக்குள் இழுத்திருப்பார். நான்கைந்து மணி நேர வேலை. அதற்காகத்தான் முதல் நாள் முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் நெய்கிற தறியைக் காலியாக்க மாட்டோம். நெய்து முடித்த துணியை அறுத்து எடுக்கும்போதே கடைசி முழத்தை விழுதிலும் அச்சிலும் கோத்தபடி விட்டுவைப்போம். புதுப் பாவு வந்ததும் அதன் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருகி, மடக்கி, ஒரே இழையாக்குவோம். முடிச்சே இருக்காது. பிறகு மெதுவாக முன்னால் இழுத்தால் பழைய பாவு புதுப் பாவை விழுது வழியாகவும் அச்சு வழியாகவும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். அச்சுப் பிணைத்தல் என்று இதற்குப் பெயர். ஒரு வீட்டுத் தறி வெறுமனே நின்றால் தொழிலை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வாசலில் போகிறவர்கள் 'என்னாச்சுங்க?' என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அதனால் தொங்கிய பழைய பாவை நான் வெட்டவில்லை. வெட்டலாமா என்று யோசிக்கக்கூட இல்லை. விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தேடினேன், கிடைக்கவில்லை. கரும்பலகைச் சுண்ணத்தைப் பொடித்துக்கொண்டேன். தாழ்வான முக்காலி ஒன்றை இழுத்துப்போட்டுத் தறிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அவர்கள் பத்தரை மணிக்குத் திரும்பி வந்தபோது பிணைத்து முடித்துப் பாவை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தேன். கோலர் தறியைச் சுற்றி வந்தார். அச்சில் விரலை ஓட்டினார். குனிந்து பார்த்தார்.

"இதை யார் கோத்தது?"

"முந்தைய தேர்வர்."

"அப்படியானால் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அவர் கோத்ததை வீணாக்காமல் தறியைத் தயார்செய்தேன்."

"கோப்பதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும்."

"இப்போது கோத்துக் காட்டட்டுமா? நேரம் நிறைய இருக்கிறது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முதல் வேலை முடிந்ததாக நான் அறிவித்துவிட்டதால் அதை மீண்டும் திறக்க விதியில்லை என்றார். ஃபிராவ் பெட்சோல்ட் பென்சிலால் எதையோ குறித்தார்.

மற்ற நான்கு வேலைகளிலும் எனக்குக் குறையில்லை. சாயத்தில் நிறம் அளக்கும் கருவியைத் தொடாமல் கண்ணாலேயே மாதிரி நிறத்தைப் பிடித்தேன். அந்தப் பாவில் நெய்த சாய்வரியில் ஓர் இழைகூட அறுபடவில்லை. அதையும் அதே அறிக்கையில் எழுதியிருந்தார்கள். தயாராகாத தறியில் இழை அறாமல் எப்படி நெய்தேன் என்று மட்டும் அவர்கள் எழுதவில்லை.

4

என் அம்மா ருக்மணி அச்சுப் பிணைப்பவர். காரிமங்கலத்திலிருந்து மொரப்பூர் வரை உள்ள ஊர்களில் தறி வைத்திருப்பவர்கள் பாவு வந்ததும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். முன்பு பஸ்ஸில் போவார், இப்போது மொபெட். கைத்தறியைவிட விசைத்தறிக்காரர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட அவர் போன் எடுப்பதில்லை, விரல் காலியாக இருக்காது.

இது இரண்டு பேர் வேலை. ஒருவர் எதிரே உட்கார்ந்து வரிசை தப்பாமல் இழையை எடுத்து நீட்ட வேண்டும். மற்றவர் பிணைக்க வேண்டும். அம்மாவுக்கு எதிரே இருபது வருடமாக உட்காருபவர் சரோஜா அக்கா. வாய் ஓயாதவர். அவருக்கு முடியாத நாட்களில், விடுமுறைகளில், நான்.

அந்த வேலையை நான் நேசித்தேன் என்று எழுதினால் அது பொய். நான் அதை வெறுத்தேன். காரணங்கள்: முதுகு. கண். விரல் நுனியில் தோல் தடித்துப் பரீட்சையில் பேனா வழுக்கியது. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து, அவர்கள் தரும் டீயை அவர்கள் தரும் நேரத்தில் குடிப்பது. நடுவில் எழுந்துபோக முடியாதது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இனி வரமாட்டேன் என்றேன். அம்மா சரி என்றார். கல்லூரிக் கட்டணம் கட்டும் வரிசையில் என்னோடு தருமபுரியிலிருந்து வந்து நின்றார். அவ்வளவுதான்.

கல்லூரியில் நான்கு ஆண்டும் தறியைப் பற்றிப் படித்தேன். பிணைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பாடம் இருந்தது. அம்மா கையால் செய்வது அதில் ஒரு வரி, 'கையாலும் செய்யலாம்' என்று. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் ஜெர்மன் மொழியில், முத்திரையோடு, வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

5

எதிர்ப்பு தெரிவிக்க ஒரு மாதம் அவகாசம். முரளிக்கு அதில் விருப்பமில்லை.

"மறுதேர்வு இருக்குதுன்னு அவங்களே போட்டிருக்காங்க மஞ்சு. போயி கோத்துக் குடுத்துட்டு வந்துரு. அரை நாள் வேலை. செத்த வளைஞ்சு குடுத்தா என்னா?"

"கோக்கறேன். கோக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. ரெண்டாவது வரிய அவங்க எடுக்கணும்."

"ஒரு வரிக்கா?"

"ஒரு வரிதான். அதனால எடுக்கறது சுலபம்."

அவர் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினார். பிறகு நான் எழுதிய கடிதத்தில் வேற்றுமை உருபுப் பிழைகளைக் கயல் திருத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். என் மகள் என் ஜெர்மனைத் திருத்தும்போது அவளுடைய ஆசிரியையின் குரலில் பேசுகிறாள். தமிழில் பதில் சொன்னால் ஜெர்மனில் மறுகேள்வி கேட்கிறாள். அன்று மட்டும் பென்சிலை வைத்துவிட்டுத் தமிழில் கேட்டாள்: "ஊருக்குத் திரும்பிப் போறமா?"

"தெரியாது" என்றேன். அவளிடம் பொய் சொல்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன்.

எதிர்ப்புடன் ஆதாரம் இணைக்க வேண்டும். விதியில் ஏற்கும் ஆதாரங்களின் பட்டியல் இருந்தது. அதில் எனக்குப் பொருந்தியது ஒன்றுதான்: 'அந்த வேலையில் விண்ணப்பதாரரை அமர்த்தியவர் தரும் அனுபவச் சான்று. செய்த வேலை, காலம், தரம் ஆகியவை குறிப்பிடப்பட வேண்டும்.' என்னை அந்த வேலையில் அமர்த்தியவர் உலகத்தில் ஒருவர்தான்.

ஊரில் மதியச் சாப்பாட்டு வேளையாகப் பார்த்துப் போன் செய்தேன். அம்மா ஒலிபெருக்கியில் போட்டார். பின்னால் விசைத்தறியின் சத்தம்.

"என்னாத்துக்கு நானு எழுதணும்? நா என்ன கம்பெனியா?" என்றார்.

"வேலைக்கு வெச்சவங்க எழுதணும்மா. நீதான வெச்ச."

"ஏழாவது படிச்சவ எழுதுனா வெள்ளைக்காரன் ஒத்துக்குவானா?"

"படிப்பெல்லாம் கேக்கல. நான் எப்படி வேலை செஞ்சேன்னு மட்டும் எழுது."

"உள்ளத எழுதட்டா?"

"உள்ளத எழுது."

சரோஜா அக்காவின் குரல் குறுக்கே வந்தது. "அப்ப அந்தப் பதினாலு இழைய எழுதுங்க்கா! கட்டம் போட்ட பாவுல மாத்திப் பிணைச்சிட்டு வந்தாளே, துணியில ரயில் ரோடு மாதிரி கோடு வுழுந்துச்சே!"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?" என்றேன்.

"எதுக்கா? அந்த வூட்டுக்காரம்மா என்னைய நாலு மாசம் முறைச்சாங்க. உனக்கென்ன, நீ காலேஜிக்குப் போயிட்ட."

"சும்னிரு சரோஜா" என்று அம்மா கன்னடத்தில் அதட்டினார். எங்கள் வீட்டில் அதட்டல் கன்னடத்தில்தான். "நா எழுதுறன். கண்ணு, நீ வெய்யி."

பத்து நாளில் கோடுபோட்ட தாளில் எழுதிய கடிதம் தபாலில் வந்தது. அப்படியே தருகிறேன்:

'மஞ்சுளா என் மகள். பத்தாவது முழு லீவிலிருந்து பன்னிரண்டாவது முடியும் வரை லீவு நாளில் என்னோடு அச்சுப் பிணைக்க வந்தாள். முதல் வருசம் இழை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் பிணைத்தாள். வேகம் சுமார். நான் இரண்டு பிணைத்தால் அவள் ஒன்று. அவள் பிணைத்த இழை விட்டுப் போனதில்லை. ஒரு தடவை பதினாலு இழையை மாற்றிப் பிணைத்துவிட்டாள். நெய்த பிறகு தெரிந்தது. மறுநாள் அவளே போய்ச் சரிசெய்தாள். வேலையில் பேச மாட்டாள். குறை சொன்னால் கோபம் வரும். வேலையை நடுவில் விட்டு எழுந்து வந்ததில்லை. இப்படிக்கு, ருக்மணி.'

6

அரசு அங்கீகாரம் பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே. மேசையில் முத்திரைகள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நான் உள்ளதை உள்ளபடிதான் மொழிபெயர்ப்பன். ஆனால் ஒண்டு கேக்கிறன். இதை நீங்கள் கட்டாயம் குடுக்கத்தான் வேணுமோ?"

"ஏங்க?"

"'வேகம் சுமார்' எண்டு இருக்கு. 'கோபம் வரும்' எண்டு இருக்கு. பதினாலு இழைக் கதை வேற. இந்த நாட்டிலை வேலைச் சான்றிலை 'சுமார்' எண்டு எழுதினால் ஒருத்தரும் வேலைக்கு எடுக்க மாட்டினம். அம்மாட்டைச் சொல்லி வேறை கடிதம் எடுங்கோவன். ஆரும் குறை சொல்ல மாட்டினம்."

அவர் சொன்னது நியாயம். ரயிலில் வரும்போது நானும் அதையே யோசித்தேன். அம்மாவிடம் கேட்டால் எழுதித் தருவார். 'மிகச் சிறந்த தொழிலாளி' என்று நானே வாசகம் அனுப்பினால் அப்படியே நகலெடுத்துக் கையெழுத்து போடுவார். அதன்பிறகு என்னைப் பற்றி அவர் என்ன நினைப்பார் என்பதை எந்த அலுவலகமும் கேட்கப்போவதில்லை.

ஆனால் என் வழக்கு முழுவதும் ஒரே விஷயத்தில் நின்றது. என் அம்மா செய்வது ஒரு தொழில், அதை மதிப்பிட அவருக்குத் தெரியும். அதை நிரூபிக்க அவருடைய மதிப்பீட்டையே திருத்தி எழுதினால் என்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

"இப்படியேதாங்க போடணும்" என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ரயில் முழுக்க யோசிச்சேன்."

அவர் தலையாட்டினார். அச்சுப் பிணைப்பது எப்படி என்று என்னைச் செய்துகாட்டச் சொன்னார். அவர் மேசையில் இருந்த பொட்டல நூலில் இரண்டு துண்டு எடுத்துக் காட்டினேன். பழைய தொழில் அகராதி ஒன்றைக் கீழிறக்கிப் பத்து நிமிடம் புரட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். ஆன்ட்ரேயரின். புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு கையால் திருகி இணைக்கும் பெண். இந்த நாட்டு ஆலைகளிலும் ஒரு காலத்தில் அப்படிப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் இருந்திருக்கிறது.

"உவையளின்ரை சொல்லே கிடக்கு. உவையளுக்கே தெரியாது போல" என்றார். முத்திரையைச் சற்று அதிகமாகவே அழுத்திக் குத்தினார் என்று எனக்குத் தோன்றியது.

7

விசாரணைக்கு அதே நெசவுக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள். விசாவில் ஐந்து வாரம் மீதமிருந்தது.

கோலரின் முன்னால் என் கோப்பு. அதற்கு மேல் தனியாக ஒரு தாள், ஒரு பேனா.

"உங்கள் தாயாரின் சான்றைப் படித்தோம். அவர் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாரா?"

"இல்லை. மதிப்பிடுகிறார். உங்கள் அறிக்கையைவிட விவரமாக."

ஃபிராவ் பெட்சோல்ட் பென்சிலை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்தார். கோலர் மறைக்க எதுவுமில்லாதவராக அந்தத் தனித்தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் எதிர்ப்பைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொள்ளும் படிவம். கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே கோத்தல் மறுதேர்வு. தேறினால் முழுச் சான்று, அடுத்த வாரமே கையில்.

"அறிக்கையின் இரண்டாவது வரி?" என்று கேட்டேன்.

"முதல் முயற்சியின் பதிவாகக் கோப்பில் இருக்கும். யாரும் பார்க்கப்போவதில்லை."

அடுத்த வாரம் என்ற சொல் எனக்குக் கேட்காமல் இல்லை. கயலின் கேள்வி நினைவுக்கு வந்தது. முரளி காலையில் கதவருகில் என் கோட்டுப் பையில் ரொட்டி வைத்ததும் நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்தேன். அதைப் படிவத்தின் மேல் குறுக்காக வைத்து, இரண்டையும் அவர் பக்கமே நகர்த்தினேன்.

"கோக்கிறேன். கையெழுத்துப் போட மாட்டேன்."

"கையெழுத்து இல்லாமல் மறுதேர்வு இல்லை."

"அப்படியானால் எதிர்ப்பை விசாரியுங்கள். நாள் முடிவதற்குள் தறி தயாராக வேண்டும் என்று உங்கள் தாளில் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் தயாரானது. அதில் நெய்த துணி உங்களிடமே இருக்கிறது. கோக்கவில்லை என்று எழுதுங்கள், நானே ஒப்புக்கொள்கிறேன். தயார்செய்யத் தெரியாது என்று எழுத முடியாது."

நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஃபிராவ் பெட்சோல்ட் அன்றுதான் முதல் தடவையாகப் பேசினார். "அது எப்படிச் செய்யப்படுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. நாங்கள் காபி குடிக்கப் போயிருந்தோம். பார்க்காத ஒன்றை இல்லை என்று நான் எழுதியது தவறு."

சுவரோரம் ஒரு தறியில் யாரோ நெய்து முடித்த பாவின் வால் தொங்கியது. உருளையில் மாற்றுவதற்கான பாவு பக்கத்திலேயே இருந்தது. அங்கே போனோம்.

"இது இரண்டு பேர் வேலை" என்றேன். "அன்றைக்குத் தனியாகச் செய்ததால் மெதுவாகப் போனது. எதிரே ஒருவர் உட்கார வேண்டும்."

ஃபிராவ் பெட்சோல்ட்டுக்குக் குறிப்பெடுக்கக் கை வேண்டும். அதனால் கோலர் தன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தாழ்வான முக்காலியில் முழங்கால் காது வரை வர உட்கார்ந்தார். இழையை எடுத்து நீட்டுங்கள் என்றேன். இழுத்தார்.

"இழுக்காதீர்கள். நீட்டுங்கள்."

நீட்டினார். இரண்டைச் சேர்த்து நீட்டினார்.

"ஒன்று."

"கண் தெரியவில்லை."

"கண்ணால் பார்க்காதீர்கள். விரலால் பிரியுங்கள்."

அம்மாவிடம் நான் கேட்ட வசவுகளில் பாதியை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, அதனால் அவர் தப்பித்தார். முப்பது இழைக்குப் பிறகு கை பழகியது. அறுபதில் எங்கள் இருவருக்கும் ஒரு வேகம் வந்தது. எண்பதில் அவர் நிறுத்தி, பிணைத்த இழை ஒன்றைப் பிடித்து ஓங்கி இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். மூன்றாவது இழை அறுந்தது. பிணைத்த இடத்தில் அல்ல, நான்கு விரல் தள்ளி.

"பழைய பாவு இருந்தால்தானே இதைச் செய்ய முடியும்?" என்றார். குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"ஆமாம். எங்கள் பக்கம் எப்போதும் இருக்கும்."

"இல்லாவிட்டால்?"

அடுத்த தறிக்குப் போனேன். அது காலியாக இருந்தது. கொக்கியை எடுத்து நாற்பது இழை கோத்தேன், நான்கு விழுதுச் சட்டத்திலும் வரிசை தப்பாமல். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. படிவம் மேசையில் கையெழுத்தில்லாமலே கிடந்தது.

8

தீர்ப்பு பதினெட்டு நாள் கழித்து வந்தது. ஒரே பக்கம். எதிர்ப்பு ஏற்கப்படுகிறது. தகுதி முழுமையாகச் சமம். இரண்டாவது வரி நீக்கப்படுகிறது. அதன் இடத்தில்: 'பழைய பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளைக் கையால் பிணைத்தல், தறியைத் தயார்செய்யும் முறையாக ஏற்கப்படுகிறது.'

கயல் சத்தமாகப் படித்தாள். முரளி அவளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மூவரும் சேர்ந்து அம்மாவைக் கூப்பிட்டோம். மொரப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வேலையில் இருந்தார். தறியை நிறுத்திய அமைதி போனில் கேட்டது. நான் தமிழில் சொன்னேன்.

முதலில் பேசியது சரோஜா அக்காதான். "ஏத்துக்கிட்டாங்களாமா? நாம யாரும் அவங்களக் கேக்கவே இல்லியே!"

"நான் கேட்டேன்க்கா" என்றேன். "கேட்டு வாங்குனேன்."

"அவங்க ஏத்துக்காட்டி இங்க தறி நின்னா போச்சி?"

"நிக்கல. எனக்கு இங்க வேலை நின்னிருக்கும்."

அம்மா இருமினார். கண்ணு என்றார்.

"என்னிக்கி வேலைக்குச் சேரணும்?"

"திங்கக்கிழமைம்மா. எட்டு மணிக்கு."

"எட்டுன்னா ஏழரைக்கே போயிரு" என்றார். "இங்க இன்னும் ரெண்டாயிரம் இழை கெடக்குது, வெச்சிர்றன்."